கொழும்பில் இருந்துகொண்டு ஊரில் எளிமையாகக் கலியாணம் நடத்த முடியுமா?

வெள்ளவத்தைத் தாய் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். எங்கள் இளைய மகளுக்குத் திருமணம் நிச்சயமாகியுள்ளது. மாப்பிள்ளை வீட்டாரும் எங்களைப் போல யாழ்ப்பாணத்து வடமராட்சியிலிருந்து வந்து நெடுங்காலமாகக் கொழும்பில் வாழ்பவர்கள். பம்பலப்பிட்டியில் ஒரு மண்டபத்தை எடுத்து ஒரே நாளில் காரியத்தை முடித்துவிடலாம் என்பது என் கணவரின் எண்ணம். மகளோ கரவெட்டியில் என் தாயார் வாழ்ந்த வீட்டு முற்றத்தில், பந்தல் போட்டு, அயலவர்களை அழைத்து, ஆடம்பரம் இல்லாமல் நடத்த வேண்டும் என்று உறுதியாக நிற்கிறாள். தன் தோழிகளின் திருமணங்களில் மணமக்களைவிடப் படப்பிடிப்பாளர்களே அதிக நேரம் மேடையில் நின்றார்கள் என்றும், தனக்கு அப்படி ஒரு நாள் வேண்டாம் என்றும் சொல்கிறாள்.

அவளுடைய விருப்பம் எனக்கும் பிடித்திருக்கிறது. ஆனால் அந்த வீட்டில் இப்போது என் சிறிய தாயார் மட்டுமே இருக்கிறார். நாங்கள் ஆண்டுக்கு ஒரு முறை கோயில் திருவிழாவுக்குப் போய் வருவதோடு சரி. ஊரவர்கள் வருவார்களா, வந்தால் முன்போல் கூடிநின்று வேலை செய்வார்களா, எந்த மாதம் பொருத்தமானது, எதை ஊரில் செய்யலாம், எதைக் கொழும்பிலிருந்து கொண்டுபோக வேண்டும் என்பவற்றை அனுபவம் உள்ளவர்கள் சொன்னால் பெரிய உதவியாக இருக்கும்.

காலி வீதி எழுதியது:

அக்கா, நான் உங்கள் கணவரின் பக்கம். சரஸ்வதி மண்டபமோ கதிரேசன் மண்டபமோ கிடைத்துவிட்டால் மணவறை, சமையல், நாதஸ்வரம், கதிரை, வாகனத் தரிப்பிடம் எல்லாவற்றுக்கும் அங்கேயே ஆள் உண்டு, உறவினர்களில் பெரும்பாலானோர் நடந்து வரும் தூரத்தில் இருக்கிறார்கள். ஊரில் நடத்தினால் பேருந்து பேச வேண்டும், வருபவர்கள் தங்க இடம் பார்க்க வேண்டும், மின்சாரம் நின்றால் என்ன செய்வது என்று மின்பிறப்பாக்கிக்கும் சொல்லிவைக்க வேண்டும், தற்காலிகக் கழிப்பறைகளும் வேண்டும். முற்றத்துத் திருமணம் பார்வைக்கு எளிமையாக இருக்குமே தவிர, அதை நடத்துபவருக்கு எளிமையாக இராது. கணக்கை முதலில் எழுதிப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள் என்பதே என் வேண்டுகோள்.

பனங்கூடல் எழுதியது:

மேலே உள்ளவர் சொன்ன கணக்கு சரியானது. ஆனால் அந்தக் கணக்கில் ஏறாத ஒன்று இருக்கிறது. எங்கள் ஊர்க் கலியாணங்கள் செலவு குறைவாக இருந்ததற்குக் காரணம் மக்கள் சிக்கனமாக ஆசைப்பட்டது அல்ல. இன்று நாம் பணம் கொடுத்து வாங்கும் உழைப்பில் பெரும்பகுதியை அன்று அயலவர்கள் தங்கள் கைகளால் தந்தார்கள், அந்த உழைப்பை வாங்கிய வீடு அதைத் தன் முறை வரும்போது திருப்பிக் கொடுத்தது. இதைப் புரிந்துகொள்ளாமல் முற்றத்தை மட்டும் எடுத்துக்கொண்டால் அது வாடகை இல்லாத மண்டபமாகத்தான் இருக்கும்.

பொன்னுருக்கு நாளிலிருந்தே பார்ப்போம். மாப்பிள்ளை வீட்டில் தட்டார் பொன்னை உருக்கும் அதே நாளில் இரு வீடுகளிலும் கன்னிக்கால் நடுவார்கள். அதற்கான முள்முருக்குத் தடியை யாராவது ஒருவருடைய வேலியில்தான் வெட்ட வேண்டும், அந்த வேலிக்காரரும் அன்று சபையில் இருப்பார். அதன் பின்னர் பலகாரச் சூடு தொடங்கும். பயற்றம் பணியாரத்துக்கு, வறுத்துத் திரித்த பயற்றம் மாவில் தேங்காய்ப்பூவும் சீனியும் மிளகு சீரகமும் சேர்த்து உருண்டை பிடிப்பவர் ஒருவர், அதை அரிசிமாக் கரைசலில் தோய்த்து எண்ணெயில் விடுபவர் இன்னொருவர், பொரிந்ததை எடுத்துக் கடதாசி விரித்த சுளகில் ஆறவிடுபவர் வேறொருவர். உருண்டையை இறுக்கிப் பிடிக்காவிட்டால் எண்ணெயில் உடைந்து சட்டி முழுவதும் கறுத்துப்போகும் என்பதால் அந்த இடத்தில் கைப்பழக்கம் உள்ள ஆச்சி ஒருவரைத்தான் இருத்துவார்கள். புதிதாகக் கலியாணம் கட்டி அந்த ஒழுங்கைக்கு வந்த பெண் எவர் எவருக்கு என்ன முறை என்பதை அந்த அடுப்படியில்தான் அறிந்துகொள்வாள். அரியதரமும் சிப்பியும் முறுக்கும் கடையில் நன்றாகவே கிடைக்கின்றன, ஆனால் அந்த இரவுகள் கடையில் கிடைப்பதில்லை.

ஆண்களுக்குப் பந்தல் வேலை இருந்தது. தென்னோலையை நீரில் ஊறப்போட்டுப் பின்னிய கிடுகுகளை முன்னரே சேர்த்துவைப்பார்கள், போதாவிட்டால் அயல் வீடுகளில் வேலி அடைக்க வைத்திருந்ததையும் கேட்டு வாங்குவார்கள். பெரிய சமையல் பாத்திரமான கிடாரமும் அகப்பையும் கோயிலில் இருந்தோ சனசமூக நிலையத்தில் இருந்தோ வரும். பந்தியில் பரிமாற வாலிபர்களுக்கு யாரும் சம்பளம் பேசியதில்லை.

இவை அனைத்துக்கும் அடியில் இருந்தது நன்மை தீமைக்குப் போய்வருதல் என்ற ஒழுங்கு. செத்த வீட்டுக்கு வராதவன் கலியாண வீட்டில் ஆளை எதிர்பார்க்க முடியாது. ஆகவே உங்கள் மகளின் விருப்பத்தை நான் மனதார வரவேற்கிறேன், ஆயினும் ஊரவர்கள் வருவார்களா என்று கேட்பதற்கு முன், அண்மைக் காலத்தில் அந்த ஒழுங்கையில் நடந்த மரணங்களுக்கும் திருமணங்களுக்கும் உங்கள் வீட்டிலிருந்து யார் போனார்கள் என்பதைக் கேட்டுப் பாருங்கள்.

கொட்டாஞ்சேனை மகள் எழுதியது:

பனங்கூடல் ஐயா எழுதியதை மரியாதையோடு வாசித்தேன், பலகாரச் சூடு பற்றிய பகுதி என் மனதையும் தொட்டது. ஆனால் அந்தச் சித்திரத்தில் என் பாட்டி இல்லை. சலவைத் தொழில் செய்த சாதியினர் என்பதால், பந்தலின் மேற்புறத்தில் வெள்ளைத் துணி கட்டுவதற்கு அவருடைய குடும்பத்தை அழைப்பார்கள். மணமக்கள் நடந்து வருவதற்கு நிலபாவாடை விரிப்பதும் அவர்களுடைய கடமை. அந்த வேலை முடிந்தபின் சபையில் இருக்க அவர்களுக்கு இடம் இருக்கவில்லை. சாப்பாடு கடைசிப் பந்திக்குப் பிறகு, வளவின் பின்புறத்தில், சொந்தமாகக் கொண்டுவந்த பாத்திரத்தில் கிடைத்தது. மங்கலமான எல்லாவற்றையும் தொட்டுச் செய்தவர்கள் மங்கலத்தில் பங்குகொள்ள முடியவில்லை. அது அயலவர் மனமுவந்து தந்த உழைப்பு அல்ல. மறுத்தால் ஊரில் இருக்க முடியாது என்பதால் தரப்பட்ட உழைப்பு.

1957ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டம் பொது இடங்களில் இந்த இழிவைச் சுமத்துவதைக் குற்றமாக்கியது. தனியார் வீட்டு முற்றத்தில் யாரை எந்தப் பந்தியில் இருத்துவது என்பதை அந்தச் சட்டத்தால் தொட முடியவில்லை. எங்கள் குடும்பம் கொழும்புக்கு வந்ததற்கு யுத்தம் மட்டும் காரணம் அல்ல. கொட்டாஞ்சேனையில் என் அக்காவின் திருமணம் ஒரு சிறிய மண்டபத்தில் நடந்தபோது என் அம்மா முதல் வரிசைக் கதிரையில் இருந்தார், எவரும் அவரை எழும்பச் சொல்லவில்லை. மண்டபத்தில் பணம் கொடுத்தவர் எல்லோரும் சமம் என்பது வறண்ட சமத்துவமாக உங்களுக்குத் தோன்றலாம், எங்களுக்கு அது பெரிய விடயம்.

அக்கா, உங்கள் மகள் முற்றத்தில்தான் மணமுடிக்க வேண்டும் என்று விரும்பினால் நடத்துங்கள். ஆனால் அழைப்பைச் சொல்லப் போகும்போது எந்த ஒழுங்கையில் திரும்பாமல் வருகிறீர்கள் என்பதைக் கவனியுங்கள்.

ஊரில் இருப்பவள் எழுதியது:

நான் பருத்தித்துறைப் பக்கத்தில் வசிப்பதால் இப்போதைய நிலையைச் சொல்கிறேன். எங்கள் ஒழுங்கையில் பாதி வீடுகள் பூட்டிக் கிடக்கின்றன, மற்றப் பாதியில் பெரும்பாலும் வயதானவர்கள். இளையவர்கள் வேலைக்குப் போகிறார்கள், ஒரு கிழமை விடுப்பு எடுத்துக்கொண்டு வந்து பந்தல் போட அவர்களால் இயலாது. கிடுகு பின்னுபவர்களும் குறைந்துவிட்டதால் தகரப் பந்தலும் துணிக் கூரையும் வாடகைக்கு எடுக்கிறோம். இதையெல்லாம் குறையாகச் சொல்லவில்லை, எதிர்பார்ப்பு சரியாக இருக்க வேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன்.

மாதத்தைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் இங்கே மழை கொட்டும், முற்றத்தில் எதுவும் செய்ய முடியாது. மார்கழியிலும் ஆடியிலும் நாள் வைக்க மாட்டார்கள். கனடா, இலண்டன் உறவினர்கள் பாடசாலை விடுமுறைக்கு வரும் காலத்தின் முற்பகுதி ஆடியில் போய்விடுவதால் ஆவணியில் எல்லோரும் ஒரே நேரத்தில் நாள் வைக்கிறார்கள். அதே காலத்தில் நல்லூர்த் திருவிழாவும் நடக்கும், வாகனமும் தங்குமிடமும் கிடைப்பது கடினம். வைகாசி நல்ல மாதம் என்றாலும் வெயில் கடுமையாக இருக்கும், கிணற்று நீரும் இறங்கிவிடும். தை மாதத்தின் பிற்பகுதிதான் என் கணிப்பில் மிகவும் ஏற்றது. மழை விட்டிருக்கும், கிணறு நிரம்பியிருக்கும், காலையில் குளிர்மை இருக்கும், தோட்டத்து மரக்கறியும் தாராளமாகக் கிடைக்கும்.

சமையலுக்கு ஆள் பிடிப்பதே நல்லது. ஒரு கிலோ அரிசி எட்டு முதல் பத்துப் பேருக்குக் காணும் என்று வைத்துக்கொள்ளுங்கள். கத்தரிக்காய்ப் பால்கறி, பூசணிக்காய், வாழைக்காய், பருப்பு, அப்பளம், மிளகாய்ப் பொரியல், வடை, பாயாசம், மோர் என்று வாழையிலையில் கொடுத்தாலே நிறைவாக இருக்கும். அயலவர்களிடம் சமையலை எதிர்பார்க்காதீர்கள், ஆனால் மரக்கறி வெட்டுவதை மட்டும் அவர்களுக்கென்று விட்டுவையுங்கள். முதல் நாள் பின்னேரம் பாய் விரித்து, அரிவாள்மணைகளை எடுத்துவைத்தால் நீங்கள் கூப்பிடாமலே ஆட்கள் வந்து சேர்வார்கள். எங்கள் பக்கத்தில் இன்னும் அப்படியே நடக்கிறது.

இன்னொன்று. அட்டையைத் தபாலில் போடாதீர்கள், புலனத்தில் (வாட்ஸ்அப்) படமாகவும் அனுப்பாதீர்கள். நீங்களும் உங்கள் கணவரும் வீடு வீடாகப் போய், படியேறி, இருந்து, தேநீர் குடித்துச் சொல்ல வேண்டும். வாசலில் நின்று சொல்லிவிட்டுப் போனால் அதையும் அழைப்பாக எடுக்க மாட்டார்கள்.

தேயிலை நிழல் எழுதியது:

நான் அட்டன் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்து இப்போது கொழும்பில் வேலை செய்பவன். தொழிலாளர் வரிசை வீடுகளான எங்கள் லயத்துக் கலியாணத்தில் திருப்பிக் கொடுக்கும் ஒழுங்கு எழுத்திலேயே இருக்கும். வாசலில் ஒரு மேசை போட்டு மொய் எழுதுவோம். யார் எவ்வளவு வைத்தார் என்பது நோட்டுப் புத்தகத்தில் ஏறும், அந்தப் புத்தகத்தைத் தகரப் பெட்டிக்குள் பத்திரமாக வைத்திருப்பார்கள். அவர்கள் வீட்டு விசேடத்துக்கு வாங்கியதைவிடக் கொஞ்சம் கூட்டி வைப்பது முறை. நாட்சம்பளத்தில் வாழும் குடும்பம் வங்கிக்குப் போகாமல் ஒரு திருமணத்தைத் தாங்க முடிந்தது இந்த மொய்யினால்தான். வீட்டில் இடம் இல்லாததால் விருந்தினர்கள் பக்கத்து லயக் காம்பராக்களில் படுப்பார்கள், அதற்கு யாரும் அனுமதி கேட்டதில்லை.

அதே புத்தகம் சில குடும்பங்களைக் கடனில் தள்ளியதையும் பார்த்திருக்கிறேன். ஒரே மாதத்தில் பல விசேடங்கள் வந்துவிட்டால் முற்பணம் வாங்கியாவது மொய் வைப்பார்கள், வைக்காவிட்டால் மானம் போய்விடும். ஆகவே பனங்கூடல் ஐயா சொல்லும் கைமாறு நல்ல ஒழுங்குதான், ஆனால் இருப்பவனுக்கும் இல்லாதவனுக்கும் அது ஒரே பாரமாக இருப்பதில்லை. ஊரில் நடத்தும்போது அன்பளிப்பு வேண்டாம் என்று நேரிலேயே சொல்லிவிடுங்கள். கொழும்பிலிருந்து வந்தவர்களுக்குக் குறைவாகக் கொடுக்கக் கூடாதே என்று ஒரு ஏழைக் குடும்பம் தடுமாற வேண்டிய தேவை இல்லை.

வெள்ளவத்தைத் தாய் எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. கொட்டாஞ்சேனைத் தங்கச்சி எழுதியதை மகளுக்கு வாசித்துக் காட்டினேன். எல்லோரும் ஒரே பந்தியில் இருப்பதை உறுதிப்படுத்த முடியாவிட்டால் தனக்கு முற்றமும் வேண்டாம் என்று அவள் சொல்லிவிட்டாள். சிறிய தாயார் காலத்தவர்கள் சிலர் அதற்கு இணங்குவார்களா என்பதுதான் என் கவலை. பனங்கூடல் ஐயா இதைப் பற்றி என்ன நினைக்கிறார் என்று அறிய விரும்புகிறேன்.

பனங்கூடல் எழுதியது:

அந்தத் தங்கச்சி சொன்னதில் மறுப்பதற்கு ஒன்றும் இல்லை. வெள்ளை கட்டியவர்கள், முடி திருத்தியவர்கள், பறை அடித்தவர்கள் ஆகியோரிடம் வாங்கிய உழைப்பு ஒருபோதும் அதே வடிவில் திருப்பிக் கொடுக்கப்படவில்லை. அவர்கள் வீட்டுக் கலியாணத்துக்கு இவர்கள் போய்ப் பலகாரம் சுட்டதில்லை. கைமாறு என்பது இரு பக்கமும் போய்வர வேண்டியது, ஒரு பக்கம் மட்டும் போனால் அதற்குப் பெயர் ஊழியம். இந்த வேறுபாட்டைத் தெளிவாக வைத்துக்கொண்டால் எதைக் காப்பாற்ற வேண்டும், எதை விட்டுவிட வேண்டும் என்பது தானாக விளங்கும்.

என் பதில் இதுதான். யாரிடமிருந்து நீங்கள் திருப்பிக் கொடுக்கும் எண்ணத்தோடு உழைப்பை வாங்குகிறீர்களோ அவர்களிடம் மட்டும் இலவசமாக வாங்குங்கள். மற்றைய எல்லாவற்றுக்கும் நியாயமான கூலி பேசிக் கொடுங்கள், கூலி வாங்குபவரையும் விருந்தினராக அழையுங்கள். பந்தியைப் பொறுத்தவரை பெரியவர்களிடம் அனுமதி கேட்டு விவாதத்தைத் தொடக்கி வைக்காதீர்கள். முதற் பந்தியில் உங்கள் கணவரும் மாப்பிள்ளையின் தந்தையும் யாரோடு இருக்கிறார்கள் என்பதை முன்னரே தீர்மானித்து, அப்படியே இருந்துவிடுங்கள். வீட்டுக்காரர் இருந்த பந்தியை விட்டு எழும்ப எவருக்கும் எளிதில் மனம் வராது. எழும்பிப் போகிறவர் போகட்டும். மணமக்களை வாழ்த்திப் பாலறுகு வைக்கவும் அறுகரிசி போடவும் அழைக்கும் பெரியவர்களிலும் இதே கவனம் வேண்டும், ஏனென்றால் யாரை அழைத்து மணமக்களின் தலையில் கை வைக்கச் சொல்கிறோம் என்பதில்தான் ஊர் நம்மை அளக்கிறது.

யுத்தம் எங்களுக்குக் கற்பித்தது ஒன்று உண்டு. 1995ஆம் ஆண்டின் ஒக்டோபர் இறுதியில் வலிகாமத்து மக்கள் ஒரே இரவில் தென்மராட்சிக்கும் வடமராட்சிக்கும் இடம்பெயர்ந்தபோது, அறிந்தவர் அறியாதவர் என்று பாராமல் எங்கள் வளவுகளில் குடும்பங்கள் தங்கின. அந்த மாதங்களில் மரத்தடியிலும் பாடசாலை விறாந்தையிலும் திருமணங்கள் நடந்தன. மஞ்சள் கயிற்றில் கோத்த தாலி, ஒரு குடம், ஒரு குத்துவிளக்கு, ஆளுக்கு ஒரு கோப்பைத் தேநீர் என்பதற்கு மேல் ஒன்றும் இல்லை. ஒரே கிடாரத்துக் கஞ்சியைக் குடித்தவர்களுக்குப் பந்தி பிரிக்க நேரம் இருக்கவில்லை. வீடு திரும்பிய பின்னர் பழைய வரிசைகள் பல இடங்களில் மீண்டும் வந்துவிட்டன என்பது எனக்கு இன்றும் வேதனை தரும் விடயம்.

மீன்பாடும் வாவி எழுதியது:

மட்டக்களப்பிலிருந்து ஒரு சிறிய குறிப்பு. எங்கள் பக்கத்தில் தாய்வழிக் குடி முறை இருப்பதால் மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வந்து சேருவதே பெருவழக்கு. தாலி கட்டும் நேரத்தில் பெண்கள் குரவை போடுவார்கள், அதற்கு ஒலிபெருக்கி தேவை இல்லை. கொழும்பு மண்டபத்தில் என் உறவுப் பெண்ணின் திருமணத்தில் ஒரு பெரியம்மா குரவை போடத் தொடங்கியபோது படப்பிடிப்பாளர் அவரை நிறுத்திவிட்டார், ஒலிப்பதிவு கெட்டுவிடுமாம். அன்று முதல் எனக்கும் முற்றந்தான் பிடிக்கும்.

நொத்தாரிசு மகன் எழுதியது:

சட்டப் பக்கத்தை மறக்க வேண்டாம். வழக்கப்படி நடந்த சடங்கையும் எங்கள் நீதிமன்றங்கள் திருமணமாக ஏற்றுள்ளன என்றாலும், பதிவே சிறந்த சான்று. கடவுச்சீட்டு, வெளிநாட்டுப் பயணம், பிள்ளைகளின் பிறப்புப் பதிவு என்று எதற்கும் அதுவே கேட்கப்படும். பதிவாளருக்கு முன்கூட்டியே அறிவித்தல் கொடுக்க வேண்டும், உரிய அனுமதி பெற்றால் அவர் வீட்டுக்கே வந்து எழுத்தை முடிப்பார். கொழும்பில் வசிப்பவர்கள் ஊரில் எழுதுவதானால் வதிவிடம் பற்றிய கேள்வி எழும், ஆகவே பிரதேச செயலகத்தில் நேரத்தோடு விசாரியுங்கள்.

அந்த வீடு உங்கள் தாயாரின் சீதனச் சொத்து என்று ஊகிக்கிறேன். அதை மகளுக்குச் சீதன உறுதி (சீதனப் பத்திரம்) எழுதும் எண்ணம் இருந்தால் கலியாணப் பரபரப்பில் கையெழுத்து வைக்காமல் முன்னரே நொத்தாரிசைப் பாருங்கள். யாழ்ப்பாணத் தமிழரின் வழமைச் சட்டமான தேசவழமையின் கீழ் வரும் மணமான பெண் தன் அசையாச் சொத்தைக் கைமாற்றக் கணவரின் எழுத்து மூலமான சம்மதம் தேவை. நெடுங்காலம் கொழும்பில் வாழும் குடும்பத்துக்குத் தேசவழமை பொருந்துமா என்பதே தனிக் கேள்வி. சிறிய தாயார் அங்கே வாழ்வதால் அவருடைய இருப்புரிமையையும் உறுதியில் எழுதிவையுங்கள்.

வெள்ளவத்தைத் தாய் எழுதியது:

வீட்டில் எல்லோரும் இருந்து பேசி முடிவெடுத்துவிட்டோம். திருமணம் கரவெட்டியில், தை மாதப் பிற்பகுதியில் நடக்கும். கணவர் கேட்ட ஒரே நிபந்தனை, நடக்க முடியாத கொழும்பு உறவினர்களுக்காகப் பின்னர் வெள்ளவத்தையில் ஒரு மாலை விருந்து வைக்க வேண்டும் என்பது. அதை எங்கள் தொடர்மாடியின் பொது அறையிலேயே செய்வோம்.

பொன்னுக்குச் செட்டியார் தெருவில் சொல்லியாயிற்று. தாலிக்கொடியில் பவுண் கூட்ட வேண்டாம் என்று மாப்பிள்ளையின் தாயாரிடம் மகளே பேசிவிட்டாள், அவரும் மகிழ்ச்சியோடு ஏற்றுக்கொண்டார். சமையல், பந்தல், நாதஸ்வரம் மூன்றுக்கும் கூலி பேசுவோம், அவர்களின் குடும்பங்களுக்கும் அழைப்புச் சொல்வோம். பலகாரத்தில் பயற்றம் பணியாரத்தை மட்டும் சிறிய தாயாரின் அடுப்படியில் சுடுவதாக இருக்கிறோம். அன்பளிப்பு இல்லை.

அடுத்த வாரம் நானும் கணவரும் இரவுப் பேருந்தில் போகிறோம். அழைப்புச் சொல்ல இன்னும் காலம் இருக்கிறது. அதற்கு முன் அந்த ஒழுங்கையில் இரண்டு வீடுகளில் அண்மையில் மரணம் நடந்திருப்பதாகச் சிறிய தாயார் சொன்னார், நாங்கள் அங்கே போகவில்லை. முதலில் அந்த இரண்டு வீடுகளுக்கும் போய் இருந்துவிட்டு வருவோம். ஊரில் இருப்பவள் தங்கச்சி, உங்கள் பக்கத்துச் சனசமூக நிலையத்தில் பெரிய கிடாரம் இரவல் கொடுப்பார்களா என்பதையும், தை மாதத்துக்கு யாரிடம் முன்கூட்டியே சொல்லிவைக்க வேண்டும் என்பதையும் கேட்டு எழுதினால் நன்றியுடையவளாக இருப்பேன்.